கரியமிலவாயுவும் நிலவுலகின் வெப்பமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்தலைத் தொழிலாகவுடைய யாம் வாயுவையும் வெப்பத்தையும் பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். சென்ற கூட்டத்தில், நம் மாணவர் விடுதியின் மேற்றளத்திற் சூரிய ஒளியால் மின்சாரம் ஆக்கும் தகடுகளை அமைத்தற்குக் கல்விநிதியினின்றும் பொருள் ஒதுக்கலாமா என்னும் விவாதம் எழுந்தது. அப்போது அங்கத்தினர் ஒருவர், கரியமிலவாயு மிகுந்தால் உலகம் சூடேறும் என்னும் கொள்கை 1900-ஆம் ஆண்டிலேயே பரிசோதனையால் மறுக்கப்பட்டதென்றும், மறுக்கப்பட்ட கொள்கையை நம்பிப் பிள்ளைகளின் பணத்தைச் செலவிடலாகாதென்றும் கூறித் தம் கைப்பேசிக்கு வந்த ஒரு கட்டுரையையும் படித்துக் காட்டினார். அதுகேட்ட விடுதி மாணவர் சிலர், தாம் பள்ளியிற் பயிலும் பாடநூல் பொய்யோ என மறுநாள் எம்மை வினவினர். செயற்குழுவினரும் இதனை ஆராய்ந்து உரைக்குமாறு எம்மைப் பணித்தனர். தகடு வேண்டுமா வேண்டாவா என்பது வரவுசெலவைப் பொறுத்தது. அதனுள் யாம் புகேம். அவ்வன்பர் கூறிய பரிசோதனை மெய்யாகவே நடந்ததா, நடந்ததாயின் அது மறுத்தது எதனை என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பரிசோதனை நடந்தது மெய்யே. செய்தவரும் எளியவர் அல்லர். ஓர் ஆட்சேபத்தை மறுக்கப் புகுவார், அதனையுடையார் கூறுமாற்றினும் செவ்விதாக முதற்கண் எடுத்துரைத்துப் பின்னரே விடை கூறல் வேண்டும். சிவஞானசித்தியாரில் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் நிற்றலைக் கற்றோர் அறிவர். அம்முறையே யாமும் செல்வேம்.

கொள்கை இன்னதென்று முதலில் அறிவோம். சூரியனிடமிருந்து நிலவுலகு ஏற்கும் வெப்பத்தையும், அது வானிற்குத் திருப்பி விடும் வெப்பத்தையும் கணக்கிட்டுப் பார்க்குமிடத்து, வெப்பத்தைத் தடுக்கும் வாயுக்கள் இல்லையாயின் உலகின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 18 சென்டிகிரேடு பாகையாக இருத்தல் வேண்டும். மெய்யில் உள்ளதோ உறைநிலைக்கு மேல் ஏறத்தாழ 15 பாகை. இடையில் நிற்கும் 33 பாகை யாண்டிருந்து வந்தது? இவ்வெண்கள் பிற்காலத்தன, வினாவும் விடையின் வித்தும் பிரெஞ்சு தேசத்துக் கணிதப் புலவர் ஃபூரியே என்பார் 1824-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே உள்ளன. சூரியஒளி காற்றினூடு எளிதிற் புகுந்துவிடுகின்றது; அதனாற் சூடேறிய நிலம் புறத்தே விடுகின்ற, கண்ணிற்குப் புலனாகாத வெப்பக்கதிரோ அத்துணை எளிதிற் புறம்போவதில்லை என்பது அவர் கருத்து.

காற்றின்கண் உள்ள பொருள்களுள் எது அதனைத் தடுக்கின்றது? 1856-இல் அமெரிக்க நாட்டு மாதராகிய ஈயூனிஸ் பூட் என்பார் கண்ணாடிக் குழல்களுள் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமிலவாயு நிரம்பிய குழலே மிகச் சூடேறிற்று. நிழலிற்கு எடுத்த பின்னரும் அது ஆறுதற்கு நெடுநேரம் சென்றது. இவ்வாயு மிக்க காற்று உலகிற்கு மிக்க வெப்பத்தைத் தரும் என்று அவர் எழுதினார். ஆல்பனி நகரில் அறிஞர் அவையில் அக்கட்டுரையைப் படித்தவர் அவ்வம்மையார் அல்லர். ஜோசப் ஹென்றி என்னும் பேராசிரியர். அம்மையாரின் பெயர் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. நம் தாய்மார்கள் இதனைக் கருத்தில் இருத்துவார்களாக.

ஆயினும் அவர் கண்டது வெயிலின் செயல். நிலம் விடும் வெப்பக்கதிரைத் தனியே பிரித்தறிந்தவர் ஜான் டிண்டால். 1859-இல் லண்டன் மாநகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில், நீண்ட குழாய் ஒன்றின் இருமுனைகளையும் கல்லுப்புப் பாளத்தால் அடைத்து, ஒருபுறம் சூட்டை வைத்து மறுபுறம் வந்துசேரும் கதிரை நுண்ணிய கருவியால் அளந்தார். கண்ணாடி வெப்பக்கதிரைத் தானே விழுங்கிவிடும், உப்பு விழுங்காது, அதனாலேயே உப்பைக் கொண்டார். காற்றிற் பெரும்பங்காகிய பிராணவாயுவும் நைட்டிரஜனும் அக்கதிரை ஏறக்குறைய ஒன்றும் தடுக்கவில்லை. சிறுபங்காகிய நீராவியும் கரியமிலவாயுவும் தடுத்தன. இதன்மேல் ஸ்வீடன் தேசத்து ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896-இல் கணக்கிட்டார். அவருக்கு வேண்டியது பண்டைப் பனியுகங்கள் வந்ததற்குக் காரணம். நம் காலத்துக் கவலை அவருக்கு இல்லை. அப்பொழுது மின்கணிப்பொறி ஏது? பல்லாயிரம் கூட்டல் கழித்தல்களைக் கையாலேயே செய்து, கரியமிலவாயு இரட்டித்தால் உலகு 5 அல்லது 6 பாகை சூடேறும் என்று கூறினார்.

இனி ஆட்சேபம். அதே நாட்டில் உப்சாலா நகரத்துப் பேராசிரியர் க்னூட் ஆங்ஸ்ட்ரோம், 1900-இல், அர்ரேனியஸின் கணக்கை மறுத்து எழுதினார். ஒளியின் அலைநீளத்தை அளக்கும் ஆங்ஸ்ட்ரோம் என்னும் அளவை இவர் தந்தையின் பெயரால் வழங்குவது; தந்தையும் மகனும் கதிராராய்ச்சியிற் கைதேர்ந்தவர். இவருடைய உதவியாளர் கோக் என்பார், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயிற் கரியமிலவாயுவை அடைத்து வெப்பக்கதிரைச் செலுத்தினார். பின்னர் வாயுவில் மூன்றிலொரு பங்கை வெளியேற்றி மீண்டும் செலுத்தினார். கதிர் கடந்துசென்ற அளவில் வேற்றுமை ஏறக்குறைய ஒன்றும் காணப்படவில்லை. இதனாற் போந்த பொருள் யாது? கரியமிலவாயு எந்த அலைநீளக் கதிரைத் தடுக்கவல்லதோ, அதனை முன்னரே முற்றத் தடுத்துவிட்டது. மேலும் சேர்ப்பதனாற் பயனில்லை. பலகணியைக் கறுப்புக் கம்பளியால் மூடியபின் அறை இருண்டுவிட்டது. இரண்டாங் கம்பளி இட்டால் இருள் மிகுமோ?

இதனோடு மற்றோர் ஆட்சேபமும் சேர்ந்துகொண்டது. அக்காலத்துக் கருவிகளில், நீராவி தடுக்கும் கதிர்ப்பகுதியும் கரியமிலவாயு தடுக்கும் பகுதியும் ஒன்றன்மேலொன்று படிந்தனவாகவே தோன்றின. நீராவியே எங்கும் நிறைந்து தன் தொழிலைச் செய்யும்போது, காற்றில் மிகச் சிறுபங்காகிய கரியமிலவாயு செய்வதற்கு என்ன எஞ்சி நிற்கின்றது? 1901-இல் இச்செய்தி அமெரிக்க வானிலை வெளியீடொன்றிலும் வந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு, வானிலை நூலார் பெரும்பாலோர் இவ்வழக்கை முடிந்த வழக்கென்றே கருதினர். 1951-இல் அமெரிக்க வானிலைச் சங்கத்தார் வெளியிட்ட பெருந்தொகுப்பிற்கூட, ஆங்கிலேய அறிஞர் புரூக்ஸ், கரியமிலவாயு தடுக்கும் கதிரனைத்தையும் நீராவியே தடுத்துவிடுதலின் இக்கொள்கை கைவிடப்பட்டதென்று எழுதினார். ஆதலின் நம் அன்பர் கூறியது கட்டுக்கதையன்று. ஒருகாலத்துக் கற்றோர் கொண்ட முடிபே.

இவ்வாட்சேபத்திற் பாதி உண்மை உண்டு என்பதையும் உடன்பட்டே மேற்செல்லல் வேண்டும். நிலத்தினின்றும் எழும் கதிருள், அலைநீளம் 15 மைக்ரோமீட்டரை அடுத்த பகுதி, சில மீட்டர் தூரம் மேற்செல்லுமுன்னரே கரியமிலவாயுவால் விழுங்கப்படுகின்றது. அங்கே இரண்டாங் கம்பளி வேண்டாததே. அப்படியாயின் பிழை எங்கே?

கம்பளி வேறு, வாயு வேறு. வாயு கதிரை விழுங்குவதோடு நில்லாது, தன் வெப்பநிலைக்கு ஏற்பத் தானும் கதிரை விடுகின்றது. நிலத்தை அடுத்த காற்று விட்ட கதிரை அதன் மேலுள்ள காற்று வாங்குகின்றது. அது விட்டதை அதன் மேலது வாங்குகின்றது. ஊரிற் கூரை தீப்பற்றினாற் கிணற்றடி தொடங்கி வீடுவரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதை நம்மிற் பெரியோர் கண்டிருப்பர். நெருப்பின்மேல் எவ்வளவு நீர் விழும் என்பது கடைசி ஆளின் கைவலியைப் பொறுத்தது; கிணற்றில் எவ்வளவு நீர் இறைத்தார்கள் என்பதை மட்டும் பொறுத்ததன்று. அதுபோல, உலகின் வெப்பம் வானிற்குப் போவது நிலத்திலிருந்து நேரே அன்று. மேலுள்ள காற்று மெலிந்து, இனித் தடுப்பார் இல்லை என்னும் உயரத்திலிருந்தே. அவ்வுயரம் அலைநீளந்தோறும் வேறுபடும். சராசரியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்கின்றது. கிலோமீட்டர் ஒன்றிற்கு ஏறத்தாழ 6.5 பாகை. ஐந்தை ஆறரையாற் பெருக்கிப் பாருங்கள்: முன்னர் நாம் காரணம் தேடிய 33 பாகை வந்து நிற்கும்.

இப்போது கரியமிலவாயுவை மிகுதிப்படுத்தினால் நிகழ்வதென்ன? முன்பு மெலிந்திருந்த உயரத்தில் இப்போது வாயு செறிந்துவிட்டது. கடைசி ஆள் இன்னும் மேலே, இன்னும் குளிர்ந்த இடத்திற்குப் போய் நிற்கின்றான். குளிர்ந்த பொருள் விடும் கதிர் குறைவு. சூரியனிடமிருந்து வருவதோ குறையவில்லை. வரவு மிக்குச் செலவு குறைந்தால் இருப்பு ஏறுமன்றோ? மேலிடம் முன்னிருந்த சூட்டைப் பெற்றுப் பழைய அளவு கதிரை விடும்வரை, கீழிருந்து மேல்வரை காற்றும் நிலமும் சூடேறியே தீரும். வாயு இரட்டித்தால் அவ்வுயரம் ஏறக்குறைய 150 மீட்டர் உயர்கின்றது. அதற்கேற்ற சூடு ஏறத்தாழ 1 பாகை. நீராவியும் மேகமும் பனிப்பரப்பும் இதனோடு சேர்ந்து செய்யும் மாறுதல் வேறு. அதனைப் பின்னர்க் கூறுவேம்.

கோக் என்பாரின் குழாயில் மேல் கீழ் என்பது இல்லை. சூடு குளிர் என்னும் படிநிலையும் இல்லை. குழாய் ஒளிக்கு வழிவிடுமா என்று கேட்டார். அதற்குரிய விடையைப் பெற்றார். உலகம் கேட்டதோ, கதிர் எவ்வுயரத்திலிருந்து தப்புகின்றது என்பது. ஒன்றை வினவி மற்றொன்றிற்கு விடையாகக் கொண்டதே பிழை. நீராவி பற்றிய ஆட்சேபமும் இதனாலேயே வலியிழக்கின்றது. நீராவி குளிரில் உறைந்து மழையாகவும் பனியாகவும் விழுந்துவிடுவது. ஆதலின் நிலத்தருகே மிக்கு, மேலே விரைந்து குறைகின்றது. கரியமிலவாயு அவ்வாறு விழாது, மேல்வரை ஒரேவிதமாகப் பரந்து நிற்கின்றது. வழக்குத் தீரும் இடமாகிய மேலிடத்தில் நீராவி மிக அரிது.

இனி யாம் கூறப்போவது எம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது. இவ்விடையைக் கண்டவர் பிற்காலத்தவர் அல்லர். ஆங்ஸ்ட்ரோம் மறுத்த மறு ஆண்டே, 1901-இல், ஸ்வீடன் தேசத்து வானிலை அறிஞர் நில்ஸ் எக்ஹோல்ம், உலகின் கதிர் வானிற்குச் செல்வது நிலத்திலிருந்தன்று, உயர்ந்த ஒரு காற்றடுக்கிலிருந்தே என்றும், தடுக்கும் வாயு மிகுந்தால் அவ்வடுக்கு உயர்ந்து குளிரும் என்றும், அதனால் நிலம் சூடேறல் வேண்டும் என்றும் ஆங்கில வெளியீடொன்றில் தெளிய எழுதிவிட்டார். அர்ரேனியஸும் அவ்வாண்டே விடை எழுதினார். ஆட்சேபம் பாடநூல்களிற் படியெடுக்கப்பட்டுப் பரவிற்று. விடையோ, பரண்மேற் பெட்டியிற் கிடக்கும் ஏடுபோல, விரிப்பாரின்றிக் கிடந்தது. எக்ஹோல்ம் கூறியதைச் சரிபார்க்க மேற்காற்றின் ஈரமும் குளிரும் அளந்தறியப்படவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டென்று யாம் நினைக்கின்றேம்: குழாய்ப் பரிசோதனை கேட்டவுடன் விளங்குவது; காற்றடுக்கின் நியாயம் இருமுறை மும்முறை கேட்டாலன்றி விளங்காதது. எளிதில் விளங்குவதை மெய்யென்று கொள்ளுதல் நம்மவர்க்கு மட்டும் உரிய குணமன்று போலும்!

பெட்டியைத் திறந்தவர் ஒரு நீராவிப்பொறி வல்லுநர். கை கேலண்டர் என்னும் ஆங்கிலேயர், வானிலைத் துறையில் உத்தியோகம் இல்லாதவர், 1938-இல் லண்டன் ராயல் வானிலைச் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். முந்திய அரை நூற்றாண்டில் நிலக்கரி முதலியவற்றை எரித்ததனால் 15,000 கோடி டன் கரியமிலவாயு காற்றிற் சேர்ந்ததென்றும், அதன் முக்காற்பங்கு காற்றிலேயே தங்கிவிட்டதென்றும், உலகம் உண்மையாகவே சூடேறி வருகின்றதென்றும் கணக்குக் காட்டினார். வாயு இரட்டித்தால் 2 பாகை என்பது அவர் முடிபு. அவையிலிருந்த வானிலைத் தலைவர் ஸர் ஜார்ஜ் சிம்ப்ஸன், உழைப்பைப் பாராட்டிவிட்டு, கதிரை மட்டும் கணக்கிட்டுக் காற்றின் வெப்பநிலையை அறிதல் இயலாதெனப் புறத்துறையார் உணர்வதில்லை என்னும் கருத்துப்பட மறுத்தார். இவர் நம் நாட்டில் சிம்லாவில் வானிலை அலுவல் பார்த்துச் சென்றவர். அவர் மறுப்பில் அதிகாரத்தின் குரல் கேட்கின்றது, நியாயமும் இல்லாமற்போகவில்லை. சூடேறிய காற்று மேலெழுந்து வெப்பத்தைச் சுமந்து செல்கின்றது. அதனையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

அதனைச் சேர்க்காமையால் வந்த இடரை 1963-இல் ஜெர்மானிய அறிஞர் மோலர் என்பாரிடம் காணலாம். நிலப்பரப்பின் வரவுசெலவை மட்டும் எழுதிக் கூட்டியபோது, வாயு இரட்டித்தால் 10 பாகை என்னும் எண் வந்தது. மேகம் நூற்றுக்கு ஒரு பங்கு மாறினாலோ, வாயு பத்திலொரு பங்கு மிகுந்ததனால் வரும் சூடு முழுதும் அற்றுவிடும் என்றும் வந்தது. இதனால் அவர் கொள்கையையே ஐயுற்றார். கணக்கைத் தீர்த்தவர் ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற சியுகுரோ மனாபே. அவரும் வெதரால்டும் 1967-இல், மின்கணிப்பொறியின் உதவியால், காற்று மேலெழுதலையும் சேர்த்து, நிலமுதல் மேலிடம்வரை முழுக்கணக்கும் செய்து, 2 பாகைக்குச் சற்று மேல் எனக் கண்டனர். அக்கணக்கில் வேறொன்றும் வெளிப்பட்டது: கீழ்க்காற்றுச் சூடேறும்போதே, 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயர்காற்றுக் குளிரும்! சூரியன் மிகக் காய்வதனால் உலகு சூடேறுமாயின் மேலும் கீழும் ஒருங்கே சூடேறல் வேண்டும். பிற்காலத்து அளவைகள் உயர்காற்றுக் குளிர்ந்து வருதலையே காட்டின. மனாபே 2021-இல் பௌதிகத்திற்குரிய நோபல் பரிசு பெற்றார்.

கணக்கே போதுமா, கண்ணாற் கண்டவர் உண்டா என்பார்க்கும் விடை உண்டு. 1970-இல் அமெரிக்கரின் நிம்பஸ் விண்கலமும், 1997-இல் ஜப்பானியரின் விண்கலமும் உலகினின்றும் வானிற்குச் செல்லும் கதிரை அலைநீளவாரியாக அளந்தன. இரண்டையும் ஒப்புநோக்கிய ஆராய்ச்சி 2001-இல் வெளிவந்தது. கரியமிலவாயு தடுக்கும் பகுதியில், இடைப்பட்ட காலத்தில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. குறைந்த இடமோ, இருள் நிறைந்த நடுப்பகுதியன்று, அதன் ஓரங்கள். கம்பளியின் நடுவிற் புதிதாக ஒளி புகவில்லை. ஓரத்திலிருந்த இடுக்குக்கள் அடைபட்டன. நிலத்திலிருந்தும் பார்த்தனர்: அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் 2000 முதல் 2010 வரை அளந்ததில், கரியமிலவாயு மிக மிக, மேலிருந்து நிலத்தை நோக்கி வரும் கதிர் மிகுந்தமை தெரிந்தது.

பதினாயிரம் பங்கில் 4 பங்கேயாகிய வாயு இத்தனையும் செய்யுமா என்று விடுதி மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. குடநீரில் இட்ட சிறு நீலத்துளி வேட்டி முழுதையும் நிறம் மாற்றுகின்றதே. மற்ற நீரெல்லாம் நிறத்திற்கு உதவாதது. காற்றில் நூற்றுக்கு 99 பங்கிற்கு மேற்பட்டவை வெப்பக்கதிரைத் தடுப்பன அல்ல; ஆதலின் அவற்றோடு ஒப்பிடுதல் பொருந்தாது. காற்றிலுள்ள கரியமிலவாயு முழுதையும் பிரித்துக் கடற்கரைக் காற்றின் அழுத்தத்தில் நிலத்தின்மேல் விரித்தால், 3 மீட்டருக்கு மேற்பட்ட கனமுடைய அடுக்காகும். நாம் அமர்ந்திருக்கும் இக்கூடத்தின் உயரம்! 1750-ஐ ஒட்டிப் பத்து லட்சம் பங்கில் 280-ஆக இருந்தது, சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனாலோவா மலைமேல் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. 2024-இல் 420-ஐக் கடந்துவிட்டது. நம்மவருட் செங்கற்சூளை வைத்திருப்போரும் லாரி ஓட்டுவோரும் உளர். அவர் தொழிலைப் பழித்தல் எம் கருத்தன்று. இக்கூட்டத்திற்கு நாம் வந்ததும் எண்ணெய் எரித்தே.

இனி விவாதம் எஞ்சி நிற்பது எங்கே? வாயு மிகுந்தால் நிலம் சூடேறுமா என்பதில் அன்று; எவ்வளவு என்பதில். அர்ரேனியஸ் கண்டதொன்று இன்றும் நிற்கின்றது: வாயு இருமடங்காகுந்தோறும் வெப்பம் ஒரே அளவு கூடும். 280 என்பது 560 ஆவதும், 560 என்பது 1,120 ஆவதும் ஏறக்குறைய ஒரே பயன் தரும். ஆங்ஸ்ட்ரோம் கூறியதிலுள்ள பாதி உண்மை இதுவே; பின்வரும் ஒவ்வொரு பங்கும் முன்னதிற் குறைந்த வலியுடையது, வலியற்றதன்று. இரட்டித்தலால் வரும் சூடு 1.5 முதல் 4.5 பாகை வரை என்று 1979-இல் சார்னி தலைமையிற் கூடிய அமெரிக்க அறிஞர் கூறினர். நாற்பதாண்டுக்கு மேல் அவ்விடைவெளி குறுகவில்லை. 2021-இல் பன்னாட்டு அறிஞர் குழுவினர் அதனை 2.5 முதல் 4 வரை எனச் சுருக்கி, 3 என்பதைச் சிறந்த மதிப்பாகக் கொண்டனர். 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டு, 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தினும் 1.1 பாகை மிக்க சூடுடையதாக இருந்தது.

நீராவியைப் பற்றி ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று: சூடேறிய காற்று மிக்க நீராவியைத் தாங்கும், அது தானும் வெப்பத்தைத் தடுத்துச் சூட்டைப் பெருக்கும். நீங்காது நிற்பது மேகம். கலிபோர்னியாவுக்கும் பெருநாட்டிற்கும் மேற்கே குளிர்ந்த கடலின்மீது, தாழ்ந்து பரந்த வெண்மேகங்கள் பந்தலிட்டாற்போல நிற்கின்றன. சூரியஒளியைத் திருப்பியெறிந்து உலகிற்கு நிழல் செய்பவை அவை. கடல் சூடேறும்போது அப்பந்தல் மெலியும் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். எவ்வளவு மெலியும் என்பதிலேதான் கணிப்பொறிகள் தம்முள் மாறுபடுகின்றன.